மிஞ்சிய தினை

கஜகஸ்தானின் கரகண்டா நகரில் காருக்கு சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி வேண்டுமென்றால் பவுர்ஜானிடம்தான் போவார்கள். பலகையை அறுக்கும் முன்பே உள்ளளவைக் கணக்குப் போட்டுவிடுவான். பெட்டி முடிந்ததும், அதே அளவு தினையை உள்ளே கொட்டிச் சரிபார்ப்பான்.

அவனுக்கும் மனைவி மக்பாலுக்கும் பிறந்த ஆண் குழந்தை ஒரு மூச்சுகூட விடாமல் போன குளிர்காலத்தில், முதன்முறையாக மூன்று லிட்டர் தினை உள்ளே போகாமல் மிஞ்சியது. பலகையில் பிழையில்லை. பெட்டிக்குள்ளும் ஒன்றுமில்லை. அடுத்த பெட்டியிலும் அதேதான்.

"மிஞ்சினதைக் கஞ்சி வச்சிடுங்க அண்ணே. பேசாம ஹோட்டல் தொறந்திடலாம்" என்று டாக்ஸி ஓட்டும் ரினாத் கேலி செய்தான்.

மறு குளிர்காலத்தில் பத்து லிட்டர் மிஞ்சியது. அதற்கடுத்ததில் பன்னிரண்டு. வேறு வழியில்லாமல் பெட்டிகளை அந்த அளவுக்குப் பெரிதாகவே வரைந்தான். பாட்டு சுத்தமாகக் கேட்டது. மனைவியிடம் மட்டும் அவன் எதையும் சொல்லவில்லை.

ஒரு மதியம் தேநீர் கொண்டுவந்த மக்பால், ரினாத்துக்காகச் செய்த பெட்டியின் அருகே உட்கார்ந்து, ஸ்பீக்கருக்கு வெட்டிய வட்டத் துளைக்குள் கையை விட்டாள். வெகுநேரம் அதை வெளியே எடுக்கவில்லை.

"என்ன பண்றே?"

"மெதுவாப் பேசு. இப்பத்தான் தூங்கினான்" என்றாள். உள்ளே அவள் கை எதையோ தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. "காலை மடக்கிட்டுக் கெடக்கான், பாவம். அடுத்ததைக் கொஞ்சம் நீளமாச் செய்யேன்."

பெட்டியை எடுத்துப்போக வந்த ரினாத் வெளியே ஹாரன் அடித்தான்.

பவுர்ஜான் ஓசைப்படாமல் எழுந்துபோய்க் கதவை உள்ளே தாழிட்டான்.