நான்காவது செட்

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்தபடி, ஏற்கெனவே இறுக்கிய திருகையே மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தார் அவர்.

வேன் அவருடைய மனைவியின் அக்காவுக்குச் சொந்தம். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, கை கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அக்காவும் தங்கையுமாக மலைகளையும் அதற்கப்பால் இருக்கும் உப்பு ஏரிகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். போன் எடுக்காத பிரதேசம் அது.

வயர்லெஸ் செட் இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். துறைமுகத்தில் உட்கார்ந்து கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் பேசுவதுதான் அவர் வேலை. இந்த விஷயத்தில் அவர் சொன்னால் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது.

சொன்னதோடு நிற்கவில்லை. செட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். முதல் செட்டுக்கு எட்டும் தூரம் போதாது என்றார். இரண்டாவதில் மைக்கின் சுருள் வயர் கட்டை. மூன்றாவதில் வெயிலில் எண்கள் தெரியாதாம். கடைக்காரர் இப்போதெல்லாம் அவரைத் தெருமுனையில் பார்த்ததுமே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறார்.

இது நான்காவது. பொருத்தியாகிவிட்டது. கூரையில் ஆன்டெனா விறைப்பாக நிற்கிறது. மனைவி வாக்கி-டாக்கியோடு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் நின்று கூப்பிட வேண்டும். அவள் குரல் இங்கே தெளிவாகக் கேட்டால், மதியச் சாப்பாடு முடிந்ததும் பயணம்.

பாலம் அப்படியொன்றும் தூரமில்லை. அவள் போய் வெகு நேரமாகிவிட்டது. செட் வாயே திறக்கவில்லை.

ஓட்டுநர் இருக்கையில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. ஆள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பான் என்று மரியாதைக்குச் சொல்லலாம். வேன் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒத்தாசைக்கு வந்தவன் இதுவரை செய்தது இரண்டே காரியம். செட்டின் சுவிட்சைப் போட்டான். அத்தான் வயரை இழுக்கும்போது மைக் கீழே விழுந்துவிடாமல் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டான்.

"ஏதாவது சத்தம் வருதாடா?"

"மூச்! ஒண்ணும் வரல."

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று கவலைப்பட்டார். அதே சமயம், செட் வேலை செய்யவில்லை, இதையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனசு குதித்தது. குதிக்கிற மனசை நினைத்தால் வெட்கமாக இருந்தது. இறுக்கிய திருகைக் கழற்றினார். கழற்றியதைத் திரும்ப மாட்டினார்.

"இதுவும் சரியில்லேன்னா சின்னக்கா உடைஞ்சு போயிடுவா, அத்தான்" என்றான் மச்சினன்.

படுத்திருந்த இடத்திலிருந்து அவன் முழங்கால்தான் தெரிந்தது. முகம் பார்க்காமல் பேசுவது அவருக்குத் தொழில்முறையில் பழகிய விஷயம். அதனால்தானோ என்னவோ, இத்தனை நாள் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது.

"எல்லாமே நல்ல செட்டுதான்டா. நான்தான் நொட்டை சொன்னேன். அவ இல்லாத வீட்டுல நான் என்னடா பண்ணுவேன்? காலையில எழுந்திருச்சு யார்கிட்ட சண்டை போடுவேன்? பயமா இருக்குடா. போகாதேன்னு சொல்ல வாய் வரல. அதான் செட்டு மேல பழியப் போட்டேன்."

மச்சினன் இப்படி நெளிந்தான், அப்படி நெளிந்தான். கடைசியில் எழுந்தான். எழுந்து, இவ்வளவு நேரமும் தொடைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த மைக்கை எடுத்தான்.

செட் கரகரத்தது.

அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மைக்கின் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை இங்கே பேசுவது அங்கே போகும். அங்கே பேசுவது இங்கே வராது. கப்பல்காரன் எவனாவது மைக்கின் மேல் உட்கார்ந்து இந்தத் தப்பைச் செய்தால் காது கிழியத் திட்டுகிறவர் அவர். அவசரமாகத் தலையைத் தூக்கினார். டேஷ்போர்டு நெற்றியில் இடித்தது.

"என்னங்க" என்றது செட்.

பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அவள் குரல் அத்தனை தெளிவு.

"அந்த மூணும் நல்ல செட்டுன்னு எனக்கு அப்பவே தெரியும். அக்கா கடையில விசாரிச்சிட்டா. நீங்களா வாயத் திறந்து சொல்லுவீங்கன்னுதான் இத்தனை நாளும் காத்துக்கிட்டு இருந்தேன். இப்ப சொல்லிட்டீங்க. நான் போகட்டுமா, வேணாமா?"

மச்சினன் மைக்கை அவரிடம் நீட்டினான். நீட்டிய கையோடு இறங்கி, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.

வேண்டாம் என்று சொன்னால் போகமாட்டாள். அது அவருக்குத் தெரியும். சண்டை போடமாட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டாள். சாயங்காலம் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிடுவாள்.

உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"செட்டு நல்லா கேக்குது" என்றார். செருமிக்கொண்டார். "போயிட்டு வா."

பொத்தானை விட்டால், அங்கிருந்து "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிடுவாள்.

அவர் கட்டைவிரலை எடுக்கவில்லை.