ஹருமிக்கு ஒரு டம்ளர் மிளகுப் பால்

“நான் அடிச்சுச் சொல்றேங்க. அந்தப் பொண்ணு வாயை மட்டும்தான் அசைக்கிறா. பாடறது வேற யாரோ.”

காலைக் காபியின்போது வேதவல்லி இப்படிச் சொன்னதும் மோகனசுந்தரத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இது என்ன கோடம்பாக்கமா? ஜப்பான்ல நடிக்கிறவங்களேதான் பாடுவாங்க. சாயந்திரம் மேடையில நேர்லயே பாடப்போறா. பந்தயம் கட்டறியா?”

“கட்டறேன். தோத்தவங்க ஒரு மாசம் பாத்திரம் தேய்க்கணும்.”

பந்தயம் கட்டினாளே தவிர, ஹருமி செகிகாவா என்றால் வேதவல்லிக்கு உயிர். கல்யாணமாகி மெட்ராஸிலிருந்து டொரண்டோவுக்கு வந்தது எழுபத்து மூன்றில். முதல் குளிர்காலம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. செயிண்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடியில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது. ஒருநாள் குளிருக்கு ஒதுங்கப்போய், ஜப்பானியப் படம் ஓடிய தியேட்டருக்குள் நுழைந்தார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் படகில் உட்கார்ந்து அந்தப் பெண் பாடத் தொடங்கியதும் வேதவல்லிக்குக் கண்ணீர் கொட்டியது. அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் அழுதாள்.

அதன் பிறகு வீட்டில் ஹருமியின் இசைத்தட்டுகள் சேர்ந்தன. அட்டையில் ஆங்கிலத்தில் போட்டிருந்த வரலாறு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பதினாறு வயதில் மீனவர் வீட்டுப் பெண்ணாக முதல் படம். அந்தப் படப்பாட்டு ஊரையே கலக்கியது. அப்புறம் வருடா வருடம் படம், இசைத்தட்டு, சோப்பு விளம்பரம் என்று ஒரே ஏறுமுகம்தான். அந்தக் குரல் மட்டும் இல்லையென்றால் அந்தக் குளிர்காலத்திலேயே பெட்டியைக் கட்டியிருப்பேன் என்று வேதவல்லி அடிக்கடி சொல்வாள். அது விளையாட்டுப் பேச்சில்லை.

அந்த ஹருமி டொரண்டோவுக்கே வந்துவிட்டாள். அதுவும் மோகனசுந்தரம் ஒலியமைப்பு இன்ஜினியராக வேலை பார்க்கும் அரங்கத்துக்கே. வேதவல்லிக்குத் தரையில் கால் பாவவில்லை. பனியாவது ஒன்றாவது என்று அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வைத்திருந்தாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

“வேதா, கச்சேரி நடக்காதுபோல இருக்கு. தொண்டை கட்டிப் போச்சாம், சத்தமே வரலையாம். அவளோட மேனேஜர் தலையில கைவச்சு உட்கார்ந்திருக்கார். நாளைக்குக் காலையில வான்கூவர் கிளம்பறாங்க.”

இன்றைக்கு விட்டால் ஜென்மத்துக்கும் அந்தக் குரலை நேரில் கேட்க முடியாது.

“அப்ப அவளேதான் பாடறா. சரி, நான் தோத்துட்டேன், பாத்திரத்தை நானே தேய்ச்சுக்கறேன். நான் வர்றவரைக்கும் கச்சேரியை ரத்து பண்ண விடாதீங்க.”

பாலைக் காய்ச்சி, மிளகு தட்டிப்போட்டு, மஞ்சளும் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த பனங்கற்கண்டும் சேர்த்து ஃபிளாஸ்கில் ஊற்றினாள். பட்டுப்புடவைக்குக் கீழே பனி பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் டிராம் பிடித்தாள். வண்டியில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

அரங்கத்தின் பின்வாசலில் மோகனசுந்தரம் கடுகடுவென்று நின்றிருந்தான். காலையிலிருந்து அவனை ஒருவழி பண்ணிவிட்டார்களாம். மேடையில் ஒரு மைக் போதாதென்று, கோரஸுக்காகத் திரைக்குப் பின்னால் இன்னொன்று வைக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். வைத்தாயிற்று, கோரஸ் பாட ஒரு ஈ காக்கை வரவில்லை. புலம்பிக்கொண்டே அவளை ஒப்பனை அறைக்கு அழைத்துப்போனான்.

கண்ணாடி முன்னால் பளபளக்கும் உடையில் ஹருமி. சினிமாவில் பார்த்த அதே முகம். பக்கத்தில் மேனேஜர். மூலையில், ஒப்பனைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்டிய நடுவயதுப் பெண்மணி ஒருத்தி. அந்த ஊர்க் குளிருக்கு யார்தான் துண்டு கட்டவில்லை. வேதவல்லி அவளை இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

மிளகுப் பால் என்றதும் மேனேஜர் முதலில் முடியவே முடியாது என்றார். தன் மனைவி ஆறு வருடம் பாட்டுக் கற்றவள், தங்கள் ஊர்ப் பாடகர்களுக்கு இதுதான் மருந்து என்று மோகனசுந்தரம் ஆங்கிலத்தில் மன்றாடினான். அதற்குள் வேதவல்லி பாலை டம்ளரில் ஊற்றி ஹருமியிடம் நீட்டிவிட்டாள்.

“குடிம்மா, தொண்டை திறந்துக்கும். உன் குரலைக் கேட்டுத்தான் நான் இந்த ஊர்ல தாக்குப்பிடிச்சேன்.”

மோகனசுந்தரம் அதை ஆங்கிலத்தில் சொன்னான். மேனேஜர் கொஞ்சம் தயங்கிவிட்டு ஜப்பானிய மொழியில் சொன்னார். ஹருமியின் கண்கள் நிறைந்துவிட்டன. எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள். வேதவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

டம்ளர் உதட்டுக்குப் போகவில்லை. ஹருமி மேனேஜரிடம் திரும்பி, கொஞ்சமும் கம்மாத தெளிவான குரலில் ஏதோ சொன்னாள். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். அவள் கேட்கவில்லை. நேராக மூலைக்குப் போய் மண்டியிட்டு, ஒப்பனைப் பெட்டிக்காரியிடம் டம்ளரைக் கொடுத்தாள்.

அந்தப் பெண்மணி கழுத்துத் துண்டைத் தளர்த்தி, பாலைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, கண்ணை மூடி ஒரு வரி பாடிப் பார்த்தாள். முதலில் கரகரத்து, பிறகு மெல்லத் தெளிந்து வந்தது, வேதவல்லி மூன்று தடவை அழுத அதே குரல்.

மோகனசுந்தரம் மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், திரைக்குப் பின்னால் வைத்த மைக்கைச் சரிபார்க்க ஓடினான்.