நாலரை சதுர மீட்டர்

"எடையைச் சொல்லுடி. குறைச்சுச் சொல்லாதே, பலகைல ஏறினதும் கடல் காட்டிக் கொடுத்துரும்" என்றாள் லூட்சே.

பெரினா கடை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அறுபத்தெட்டு."

"பள்ளிக்கூடத்துல இதுல பாதி இருந்தே. சரி, உள்ள வா. ஒண்ணும் கடிக்காது."

கணவன் நிக்ஷா கடலோடு போன கோடைக்குப் பிறகு பெரினா தண்ணீரில் இறங்கவில்லை. அவன் பலகை, அவள் பலகை, அவற்றில் நட்டுக் காற்றைப் பிடிக்கும் பாய்கள், எல்லாவற்றையும் யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். யாரிடம் என்றுகூட நினைவில்லை.

இந்த வருடம், மதியக் காற்று எழும் நேரங்களில், அவள் விரல்கள் எதையோ பிடிப்பதுபோல் தாமாகவே மடங்கத் தொடங்கியிருந்தன.

லூட்சே கல்யாணமாகி ஸ்பிளிட் நகரத்துக்குப் போனவள். போன வருடம்தான் ஊர் திரும்பி இந்த விண்ட்சர்ஃபிங் கடையை எடுத்திருந்தாள். மற்ற கடைக்காரர்கள் பெரினாவைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். லூட்சே தாழ்த்தவில்லை.

பலகையைத் தேர்ந்தெடுப்பது சுலபமாக முடிந்தது.

"ரொம்ப நாள் விட்டுட்டுத் திரும்ப ஏறுறவங்களுக்கு அகலமானதுதான் சரி. கௌரவம் பார்க்காதே. கால் பழகினதும் மாத்திக்கலாம்."

இடுப்புப் பட்டையை லூட்சேதான் இழுத்துக் கட்டினாள். முழங்காலை அவள் முதுகில் ஊன்றி இழுத்தாள்.

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"அப்ப இன்னும் இறுக்கணும்."

பெரினா சிரித்துவிட்டாள். தன் சிரிப்பைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

லூட்சே வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்தாள். எதிரே கோர்ச்சுலாத் தீவின் ஓரமாக நீர் கறுத்து, அங்கங்கே வெள்ளை பூக்க ஆரம்பித்திருந்தது. திரும்பி வந்து ஒரு பாயை உருவினாள்.

"இந்தக் காத்துக்கு உனக்கு ஆறு சதுர மீட்டர்."

"ஐயோ, வேண்டாம். என்னோடது நாலரை."

"நாலரையா? அது என் தங்கச்சி பொண்ணுக்குடி. அவ நனைஞ்ச துணியோட நின்னாக்கூட அம்பது கிலோ தேற மாட்டா. புயல்ல நீ நாலரை எடுத்தா சரி. சாதாரண நாள்ல என்ன எடுப்பே?"

"எல்லா நாளும் நாலரைதான். நிக்ஷாதான் கட்டிக் கொடுப்பான்."

கரையில் அதைப் பார்த்துப் பொறாமைப்படாத பெண் இல்லை. மற்ற ஆண்கள் காற்று வந்ததும் தங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நிக்ஷா கூழாங்கற்களில் மண்டியிட்டு முதலில் அவளுடையதைக் கட்டுவான். கயிற்றை இழுத்து, துணியைத் தட்டிப் பார்த்து, அவள் கையில் கொடுத்த பிறகுதான் தன்னுடையதைத் தொடுவான்.

பிறகு அவளைத் தாண்டிப் போய், எதிர்க்கரையில் காத்திருப்பான். "வாடி என் ஆமை" என்று கத்துவான். ஊரும் அவளை ஆமை என்றது. அவளும் அதை ஏற்றுக்கொண்டிருந்தாள். சிலருக்கு வேகம் வரும், சிலருக்கு வராது.

"நாலரையில காத்தே பிடிக்காது, நீ நகர்ந்ததே பெரிசு" என்றாள் லூட்சே. "கைக்குட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மாதிரிதான். யாரும் சொல்லலையா? நிக்ஷாவுக்குத் தெரியாம இருக்காதே. ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினவன்."

பெரினா இடுப்புப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"பயந்திருப்பான், நீ வேகமாப் போய் விழுந்துருவேன்னு. இல்ல, அவனுக்கு முன்னாடி நீ அக்கரை போயிருவேன்னு. ஆம்பளைங்க மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

லூட்சே சொன்னதில் வன்மம் ஒன்றும் இல்லை. சொல்லிக்கொண்டே பாயில் காய்ந்திருந்த உப்பைத் துணியால் துடைத்தாள்.

பெரினா அந்தப் பாயைத் தொட்டுப் பார்த்தாள். விறைப்பாக இருந்தது.

"இதுல போனா, நடுக்கடல் வரைக்கும் போக எவ்வளவு நேரமாகும்?"

"பறப்பேடி. நாலரையில போய்ச் சேர்ற நேரத்துல, இதுல போயிட்டுத் திரும்பியும் வந்துரலாம்."

போய்விட்டுத் திரும்பியும் வந்துவிடலாம்.

அன்று நிக்ஷா விழுந்ததும், காற்று அவன் பலகையை எட்டாத தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. போலீஸிடமும், பாதிரியாரிடமும், அவன் அம்மாவிடமும் பெரினா ஒன்றைத்தான் சொன்னாள். தான் வெகு தூரத்தில் இருந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும்.

பார்த்தாள். அலைகளுக்கு நடுவே அவன் ஒரு கையைத் தூக்கியிருந்தான். அந்தக் கை நெடுநேரம் இறங்கவே இல்லை.

அவனை நோக்கி அவள் போய்க்கொண்டேதான் இருந்தாள், அந்த நாலரையில்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே? பிடி" என்று லூட்சே பாயை அவள் தோளில் சாய்த்தாள்.

இதில் ஒருமுறை ஏறினால் போதும். எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நிக்ஷாவை எப்படி நினைத்துக்கொள்வது?

பெரினா பாயை மெதுவாக இறக்கி, எடுத்த இடத்திலேயே சாய்த்து வைத்தாள்.

"எனக்கு நாலரையே குடு."

"உனக்கென்ன பைத்தியமா? அதை வெச்சுக்கிட்டு நீ ஒருத்தரையும் எட்டிப் பிடிக்க முடியாது."

"தெரியும்" என்றாள் பெரினா.