ஆடாத கோப்பை
உலகத்தில் கடலை அடக்கியவர்கள் இரண்டே பேர். தன்னைத் தவிர அந்த இன்னொருவர் யாரென்று கேப்டனுக்குத் தெரியாது. அவருடைய மோட்டார் படகின் சின்ன அறையில், வார்னிஷ் மேசைமேல் மாலை வெயில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. படகின் ஆட்டத்தைக் குறைக்கும் கருவி பொருத்த வந்த மெக்கானிக் இரண்டு படங்களை விரிக்கிறார். ஒன்றில் படகின் அடிவயிற்றில், மீனுக்கு இருப்பதுபோல் இரண்டு துடுப்புகள். இன்னொன்றில் பெட்டிக்குள் சுழலும் கனத்த சக்கரம், ஜைரோ. எதிரே கேப்டனின் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள். கோப்பைகள் நகராமலிருக்க அவள் விரித்த ஈரத்துணியில் இரண்டு கோப்பைகள்தான் இருக்கின்றன. “எனக்கெதுக்கு இந்தத் தொட்டில் துணி?” என்று கேப்டன் தன்னுடையதை வெறும் மேசையில் வைத்திருக்கிறார். “துடுப்பு, படகு ஓடினாத்தாம்மா வேலை செய்யும். நங்கூரம் போட்டு நின்னாலும் ஆடக்கூடாதுன்னா ஜைரோதான்,” என்கிறார் மெக்கானிக். “அப்ப ஜைரோ. இல்லேன்னா இவர் தனியா போகட்டும். போன தடவை ரெண்டு நாள் வாளியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்.” கேப்டன் நெஞ்சை நிமிர்த்துகிறார். “ஆடுறதுக்குப் பேரு படகு. ஆடாததுக்குப் பேரு வீடு!” “அந்த வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு,” என்று அவள் பையைத் தட்டுகிறாள்.

வெளியே ஒரு பயணிகள் படகு கடந்துபோகிறது. அதன் அலை வந்து சேர்ந்ததும் தொங்குவிளக்கு சாய்கிறது, கரண்டிகள் கிணுகிணுக்கின்றன, கேப்டனின் கோப்பை மட்டும் புறப்பட்டு மேசை விளிம்புவரை போகிறது. பிடித்துவிடுகிறார், பாதித் தேநீர் சட்டைக் கையில். யாரும் சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மிகுந்த அக்கறையோடு வானத்தைப் பார்க்கிறாள். “அந்த ஜைரோ ரொம்பச் சத்தம் போடுமா தம்பி?” என்று படத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்கிறார் கேப்டன். அவருடைய கை, வேறு யாருடையதோ போல, கோப்பையை மெல்ல ஈரத்துணியின்மேல் நகர்த்தி வைக்கிறது.