பதினாறாவது ட்ராக்

தொண்ணூறுகளில் அக்காவும் அவள் கூட்டாளிகளும் போட்ட ராக் ஆல்பம் அது. ஒரு பாட்டில் கிதார் காட்டுக்கத்தல் கத்தும்; அடுத்ததில் அக்கா தாலாட்டுவாள்; அதற்கடுத்ததில் வயலினும் தகர டப்பாவும் மல்லுக்கு நிற்கும். மறுவெளியீட்டுக்காகப் பழைய டேப்பின் இரைச்சலை நீக்கும் வேலை, சவுண்ட் இன்ஜினியரான தம்பியின் தலையில் விழுந்தது.

டேப்பில் பதினாறு ட்ராக்; ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனி ட்ராக்கில் பதிவாகியிருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டுவிடுவது அவன் வழக்கம். பதினாறாவதற்கு நேரே அக்கா 'காலி' என்று எழுதியிருந்தாள். அதையும் அவன் விடவில்லை. முதலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஓர் ஆண்குரல் வந்தது: "அக்கா, காலின்னு எழுதியிருக்க. இதுல யாரோ பேசறாங்களே."

டேப்பை நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் போட்டான். அதையேதான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் டேப்பில் கேட்டது தன் குரல் என்று உறைத்தது.

"அதுக்கு மேல கேக்காதடா," என்றாள் அக்கா. "அன்னைக்கே மூணு தடவை அழிச்சோம்." போனை வைத்துவிட்டாள்.

கேட்காமல் இருக்க முடியுமா? ஓடவிட்டான். அக்கா இப்போது சொன்னது ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. பிறகு போன் மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். "தம்பி, பேசுடா. ஏன் பேசமாட்டேங்கற? தம்பி?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். நாற்காலி சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு டேப் வெறுமனே ஓடியது.

மேஜைமேல் போன் அடித்தது. அக்காதான். எடுப்பதில்லை என்று முடிவுகட்டி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய வலது கை போனை எடுத்துக் காதில் வைத்தது.

"தம்பி, பேசுடா," என்றாள் அக்கா.