மூன்று வளைவுகள்

பண்ணையாரின் அடியாட்கள் நடவுப் பெண்களை மிரட்டத் தொடங்கிய வருடம் அது. காலையில் எத்தனை பேர் வயலுக்குப் போனார்கள், மாலையில் அத்தனை பேரும் திரும்பினார்களா என்று எண்ணும் வேலையைச் சங்கம் எனக்குக் கொடுத்தது. போகிறவர்களின் எண்ணிக்கையை என் வீட்டுச் சுவரில் கரியால் குறித்தேன். அடியாட்களுக்குப் புரியக் கூடாது என்பதால், கல்லூரியில் படித்த பழைய எகிப்திய எண்களில் எழுதினேன். ஒன்றுக்கு ஒரு கோடு. பத்துக் கோடு சேர்ந்தால் அவற்றுக்குப் பதில் ஒரு வளைவு. ஊரில் அது தெரிந்த இன்னொருத்தி என் மனைவி வேம்பு மட்டுமே. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளும் இவர்களோடு நடவுக்குப் போனவள். போன நடவின்போது காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

“என்ன தம்பி, லாடமும் குச்சியுமா வரையிறீங்க? எங்கள மாடுன்னே முடிவு பண்ணியாச்சா?” என்று அம்சம் அக்கா சிரிப்பார்.

மூன்று நாட்களாக மாலையில் பார்த்தால் ஒரு கோடு கூடுதலாக இருந்தது. பிள்ளைகள் கிறுக்கியிருப்பார்கள் என்று அழித்துவிட்டேன்.

நான்காம் நாள் இருபத்தொன்பது பேர் போனார்கள். இரண்டு வளைவும் ஒன்பது கோடும் போட்டேன். பிள்ளைகளின் விளையாட்டு என்றால் மாலையில் பத்துக் கோடு இருக்கும்.

மாலையில் இருபத்தொன்பது பேரும் திரும்பி வந்தார்கள். சுவரில் ஒரு கோடுகூட இல்லை. மூன்று வளைவுகள் இருந்தன. மூன்றாவதன் ஓரத்தில் வயல் சேறு ஈரமாக ஒட்டியிருந்தது.

அம்சம் அக்கா வாசலில் நின்று கேட்டார். “எல்லாரும் வந்தாச்சா தம்பி?”

“வந்தாச்சுக்கா” என்றேன்.