மாமனார் மரியாதை

"இன்னா மாப்ள, இன்னிக்கும் அந்த டொய்ங் டொய்ங்தானா?"

மாடிப்படி ஏறி வந்த ஜான்சன் வாசலிலேயே நின்று கேட்டார். பள்ளிகொண்டாவிலிருந்து பஸ் பிடித்து ஆம்பூருக்கு மகள் வீட்டுக்கு வந்தால், அவருக்கு முதல் வேலை மருமகனை விசாரிப்பது. காபியெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஏசுராஜ் கீபோர்டை விட்டுச் சட்டென்று எழுந்தான். "வாங்க மாமா." குனிந்த தலை நிமிராமல் மாமனாரின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். தொடையோரம் விரல்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன.

ஜான்சனுக்கு அதில் ஒரு தனி திருப்தி. தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே இருந்த ஆட்கள்கூட அவருக்கு இப்படிப் பயந்ததில்லை. வயிற்றிலிருந்து சரிந்த பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு, அசைந்து அசைந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜெமி, உன் புருஷன் கையப் பாத்தியா? எப்படி நடுங்குது பாரு. வேலை வெட்டி இல்லன்னாலும் பெரியவங்க மேல பயம் ஜாஸ்தி."

"வேலை இல்லன்னு யாருப்பா சொன்னது?" ஜெமிக்குச் சுருக்கென்றது. "வீட்லருந்தே மியூசிக் போட்டு பம்பாய்க் கம்பெனிக்கு அனுப்புறாரு. மாசா மாசம் பணம் வருதில்ல?"

"எந்தப் படத்துக்கு மியூசிக்?"

"படத்துக்கு இல்லப்பா. சோகமா ஒண்ணு, ஜாலியா ஒண்ணு, பயமா ஒண்ணுன்னு கம்பெனி வாங்கி அடுக்கி வெச்சிக்கும். டிவிக்காரங்க, விளம்பரக்காரங்க யாருக்கு எது வேணுமோ எடுத்துக்குவாங்க."

"ஷூ மாதிரின்னு சொல்லு. எவன் கால்ல போட்டுக்கினு சுத்துறான்னு தைச்சவனுக்கே தெரியாது."

"அதேதாம்ப்பா!"

"இன்னா அதேதான்? ஷூவையாவது கடையில பாக்கலாம். இவரு மியூசிக்க நான் எங்க போய் கேக்கறது? ஊர்ல ஒவ்வொருத்தனும் 'மருமகன் இன்னா பண்றாரு'ன்னு கேக்கறான். பொட்டி முன்னால குந்திக்கினு கீறாருன்னா சொல்றது? பேஜாராப் போச்சு எனக்கு."

காபி வந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம தோஸ்த் நயீம் அகமது ஷூ கம்பெனில மேனேஜரா இருக்கான். பேக்கிங் செக்ஷன்ல சூப்பர்வைசர் வேலை பேசிட்டேன். திங்கக்கிழமை சேந்துடணும். அதுக்குள்ள உங்க மியூசிக் ஒண்ணே ஒண்ணு டிவில வந்து என் காதுல விழட்டும், நான் வாய மூடிக்கிறேன். இல்லன்னா பொட்டிய மூட்டை கட்டி பரண்ல போடுங்க."

ஏசுராஜ் கீபோர்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். காலையில் போனால் இருட்டின பிறகு வீடு திரும்பும் வேலை அது. அதில் சேர்ந்தால் மியூசிக்கை மறந்துவிட வேண்டியதுதான். செருப்பை மாட்டிக்கொண்டான்.

"உங்கள பஸ் ஏத்தி வுடறேன் மாமா" என்றான்.

எப்போதும் போல மாமனாருக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தான். பக்கத்தில் வரச் சொன்னாலும் வரமாட்டான். ஜான்சன் பெருமையாக ஆம்பூர் பஜாரையே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு மறுபடி வந்துவிட்டார். மருமகனைக் கையோடு கம்பெனியில் சேர்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவதாகத் திட்டம். பிரியாணி வேகும்வரை ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு சேனலாகத் தள்ளினார். மிருகங்களைக் காட்டும் சேனலில் கை நின்றது. ஆற்றிலிருந்து ஒரு நீர்யானை கரையேறிக்கொண்டிருந்தது.

தும்... சர்ர்ர்... தும்... சர்ர்ர்...

"மாமா! இது என்னுது!" உள்ளேயிருந்து ஏசுராஜ் கத்தினான்.

"எது? நீர்யானையா?"

"மியூசிக் மாமா, மியூசிக்!"

ஓடிப்போய்க் கீபோர்டில் கை வைத்தான். டிவியில் வருவதும் அவன் வாசிப்பதும் இம்மி பிசகாமல் ஒன்றாகப் போயின. ஜான்சன் வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! எப்ப போட்டீங்க?"

"போன வருஷம் மாமா. கனமா ஒண்ணு மெதுவா நடந்து வர்ற மாதிரி வேணும்னு கேட்டாங்க. எதுக்குன்னு சொல்லல."

"நீங்க நீர்யானைய நேர்ல பாத்ததே இல்லியே! அந்த நடைய எப்படி அச்சு அசலா புடிச்சீங்க?"

ஏசுராஜ் பழையபடி எழுந்து, தலையைக் குனிந்து, மாமனாரின் கால்களைப் பார்த்து நின்றான்.

"பாத்தியா ஜெமி? டிவிலயே வந்தப்புறமும் எப்படி நிக்கிறாரு பாரு. இன்னா அடக்கம்!" ஜான்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நயீம்கிட்ட நானே சொல்லிக்கிறேன். இரு, எதிர்வூட்டு முனீர் பாயைக் கூட்டிக்கினு வர்றேன்."

எழுந்து வாசலை நோக்கி நடந்தார். டிவியில் நீர்யானையும் காட்டுப்பக்கம் திரும்பி நடந்தது.

ஜான்சனின் வலது கால், தும். இழுத்துக்கொண்டு வந்த இடது கால், சர்ர்ர். மறுபடி தும். நாலடிக்கு ஒருதரம் இசை ஒரு நொடி நின்றது. ஜான்சனும் நின்று பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

சமையலறை வாசலில் ஜெமி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். டிவியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்து புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அடப்பாவி! அது எங்கப்பாவா?"

"உஷ்! அடுத்த வாரம் மாமாவ பஸ்ஸுக்குக் கொஞ்சம் லேட்டாக் கிளப்பி வுடு ஜெமி. காண்டாமிருகம் ஓடற மாதிரி ஒண்ணு கேட்டிருக்காங்க."